அக்காவின் அலமாரிகளை அகலமாக்கிய கதை

ஒரு அலமாரியை அகலமாக்குவதில் அப்படி என்ன பெரிய கஷ்டம் இருந்துவிட முடியும் என்றுதான் நானும் நினைத்தேன். அதுவும் கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் அலமாரி. மரமில்லை, ஆணியில்லை, தூசியில்லை. மூலையைப் பிடித்து இழுத்தால் நீண்டுவிட்டுப் போகிறது. இதற்காக ஒருத்தி கையைக் கெடுத்துக்கொள்வாளா என்று, அக்கா வீட்டுக்கு வந்த புதிதில் மனதுக்குள் சலித்துக்கொண்டேன். அப்போது எனக்கு எல்லாவற்றின் மேலும் சலிப்புதான், அலமாரி மட்டும் என்ன விதிவிலக்கா?

எனக்கு வேலை போயிருந்தது. பத்து வருடத்துக்கும் மேலாக ஒரே கம்பெனியில் புரோகிராம் எழுதிக் குப்பை கொட்டியவளை ஒரு மதியம் சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். தண்ணீர் பாட்டில் ஒன்றை எனக்கு முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, உங்கள் பிரிவையே மூடுகிறோம் என்றார்கள். பாட்டிலை வைத்த விதத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. தனியாக இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு பெட்டியோடு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். "பாப்பா, உன் ரூம் ரெடி" என்றாள். எனக்கு வயது முப்பத்தாறு. அக்காவுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

அந்த ரூமில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பதும், அழுகை வந்தால் குளியலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுவதுமாகச் சில வாரங்கள் போயின. யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டடத்தில் நான்காவது மாடியில் தும்மினால் இரண்டாவது மாடியில் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அக்கா வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். அலமாரி செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு மாடல் வரைந்து கொடுக்கிறாள். யாரோ வீடோ ஆபீஸோ கட்டுகிறார்கள். சமையலறைக்கு, படுக்கையறைக்கு, கோப்புகள் வைக்கும் அறைக்கு என்று அலமாரிகள் வேண்டும். தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் அளவுகளை அனுப்புவார். அவர் எந்த வேலையை அனுப்பினாலும் "கொஞ்சம் அவசரம்" என்று சேர்த்தேதான் அனுப்புவார், அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பெயரே அவசரம். அக்காவிடம் ஏற்கெனவே வரைந்த அலமாரிகள் உண்டு. அவற்றை அந்தந்தச் சுவருக்கு ஏற்றபடி அளவு மாற்றி அடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் தொழிற்சாலையில் பலகை அறுப்பார்கள்.

துணி துவைக்கும் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அக்காவின் மேஜை. முதன்முறையாக அவள் பின்னால் நின்று பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. ஒரு அலமாரியைத் திறந்து, அதற்குள் பக்கவாட்டுப் பலகையைத் திறந்து, ஓரத்தைத் தேர்ந்தெடுத்து, நகர்த்தி, எண்ணைத் தட்டி, மூடி, அடுத்த பலகை. பிறகு தட்டுகள். பிறகு கதவு. பிறகு கைப்பிடி. கிளிக், கிளிக், கிளிக். கோழி தானியம் பொறுக்குவது போல அவள் சுட்டுவிரல் ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது.

"ஏன்க்கா, மூலையைப் புடிச்சு மொத்தமா இழுத்தா போதாதா?"

"இழுத்தா பலகையும் சேர்ந்து ஊதிக்கும் பாப்பா. அப்புறம் அவசரம் என்னைத் தொவைச்சுக் காயப்போட்டுடுவாரு."

இழுத்துக் காட்டினாள். உண்மைதான். அவள் வரையும் மென்பொருளில் அளவு மாற்ற ஒரு கருவி இருக்கிறது, ஆனால் அது எல்லாவற்றையும் ரப்பர் மாதிரி இழுத்துவிடும். அலமாரி அகலமானால் பக்கப் பலகை தடிக்கும், கைப்பிடி நீளும், வட்டமான குமிழ் முட்டையாகிவிடும். திரையில் தடித்துவிட்டது என்பதற்காகத் தொழிற்சாலையில் இருக்கும் நிஜப் பலகை தடிக்குமா? அதனால்தான் ஒவ்வொன்றையும் கையால்.

கை கெட்டுக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பும்போது அக்கா முகத்தைச் சுளிப்பாள். டம்ளர் கைநழுவும். தூக்கத்தில் கையை உதறிக்கொண்டு எழுந்து உட்காருகிறாள் என்றார் அத்தான். அத்தானுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை, எந்த நேரத்தில் எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் கூப்பிடுவார்கள். அவர் ஒரு நாள் விடுப்பு எடுத்து அக்காவை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார், நானும் போனேன். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்றார் டாக்டர். மவுஸைக் குறைத்தால் தானாகச் சரியாக வாய்ப்பிருக்கிறது. குறைக்காவிட்டால் ஆபரேஷன். அதையும் தள்ளிப்போட்டால் மரத்துப்போன விரல் மரத்துப்போனதுதான், திரும்பாது.

"குறைக்கணுமாம். அலமாரி என்ன தானா அகலமாகுமா?" என்று திரும்பி வரும் வழியில் அக்கா எரிந்து விழுந்தாள்.

"ஆக்கிடலாம்" என்றேன் நான்.

எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று தெரியவில்லை. அந்த மென்பொருளில் நாமே சின்னதாக ஸ்கிரிப்ட் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம், மேலே ஒரு பட்டனாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று எங்கோ படித்திருந்தேன். ப்ளக்இன் என்பார்கள். மறுநாள் காலையில் கூரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

யோசனை எளிமையானது. ஒவ்வொரு பலகைக்கும் மூன்று அளவு இருக்கிறது. அதில் எது மிகச் சிறியதோ அதுதான் தடிமன், அதைத் தொடாதே. மற்ற இரண்டில் தேவையானதை நீட்டு. கைப்பிடி, கீல், குமிழ் ஆகியவற்றை நீட்டாதே, இடத்தை மட்டும் மாற்று. சொல்வதற்கு இவ்வளவுதான். செய்யப் போனால், முதல் முறை கதவு அலமாரியை விட்டுக் கிளம்பி எதிர்ச் சுவரைத் தாண்டிப் போய் நின்றது. "என்னமோ கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு" என்றாள் அக்கா. இன்னொரு முறை தட்டுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் படுத்துக்கொண்டன. நடுத்தட்டு மட்டும் நட்டநடு அந்தரத்தில் நின்றது. ஒவ்வொன்றையும் அக்காவிடம் கேட்டுக் கேட்டுச் சரிசெய்தேன். பின்பலகை ஏன் மற்றதைவிட மெல்லிசாக இருக்கிறது, கதவுக்கும் கதவுக்கும் நடுவே எவ்வளவு இடுக்கு விட வேண்டும், கைப்பிடி எந்த ஓரத்திலிருந்து அளக்கப்படுகிறது. அவளும் பொறுமையாகச் சொன்னாள். பல வாரங்களுக்குப் பிறகு மூளை என்று ஒன்று எனக்கு இருப்பது ஞாபகம் வந்தது.

ஒரு வழியாக ஒரு நாள் முற்பகலில் வேலை செய்தது. அலமாரியைத் தேர்ந்தெடுத்து, பட்டனை அழுத்தினால், ஒரு சின்னக் கட்டம் வரும். அகலம், உயரம், ஆழம் என்று மூன்று எண். தட்டிவிட்டு "சரி" என்றால் அலமாரி மூச்சு இழுத்துக்கொள்வது போல விரியும். பலகை அதே தடிமன், குமிழ் அதே வட்டம். அக்கா வலது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, இடது கையால் தொடையில் தட்டிக் கைதட்டினாள். நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அதன் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. வழக்கமான அளவுகளைத் தயாராக வைத்தேன். தப்பான எண்ணைக் கொடுத்தால் சிவப்பாகும்படி செய்தேன். பட்டனுக்கு நானே ஒரு படம் வரைந்தேன், குட்டி அலமாரி. அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "இது சவப்பெட்டி மாதிரி இல்ல?" என்றார். அக்கா அவரை முறைத்த முறைப்பில் அவர் அன்றைக்கு அதற்குமேல் வாயே திறக்கவில்லை. தினமும் சாயங்காலம் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்பேன்.

"சூப்பர் பாப்பா."

"ஏதாவது மாத்தணுமா?"

"எதுக்கு? அதான் அம்சமா இருக்கே."

ஆனால் கை மட்டும் தேறவில்லை. வீக்கம் இறங்கவில்லை. பேனாவைப் பிடித்தால் நழுவியது. சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. கிளிக்குகளை நான்தான் குறைத்துவிட்டேனே, இன்னும் ஏன்? எந்நேரமும் போனை நோண்டுகிறாய் என்று அக்காவைத் திட்டினேன். காய் நறுக்க விடுகிறீர்களே என்று அத்தானைத் திட்டினேன். டாக்டர் சரியில்லை என்றேன். மணிக்கட்டில் போடும் பட்டை மட்டம் என்று வேறு பட்டை வாங்கி வந்தேன். வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், என் ஸ்கிரிப்டைத் தவிர.

இந்த நிலையில் ஒரு இடத்திலிருந்து நேர்காணலுக்கு அழைத்தார்கள். கண்காட்சிக் கூடங்களுக்கு மாடல் செய்யும் நிறுவனம். விண்ணப்பத்தில் என் ப்ளக்இன்னைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தேன், அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டதாகச் சொன்னார்கள். அந்தப் பிரிவின் மேலாளர் என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவரைப் பார்த்ததும், நம்ம ஜாதி, இவரும் தூங்காதவர் என்று தோன்றியது.

"செஞ்சு காட்டுங்க" என்றார்.

அவருடைய கம்ப்யூட்டரிலேயே போட்டுக் காட்டினேன். ஒரு அலமாரி, பட்டன், மூன்று எண், விரிந்தது. "அழகா இருக்கு" என்றார். பிறகு மவுஸை வாங்கி, அந்த அலமாரியைக் காப்பி எடுத்துப் பக்கத்தில் ஒன்றை வைத்தார்.

"இப்போ இடது பக்கம் இருக்கிறதை மட்டும் அகலமாக்குங்க."

எண்ணைத் தட்டி "சரி" என்றேன். இரண்டும் விரிந்தன.

நான் தவறுதலாக இரண்டையும் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பச் செய்தேன். மறுபடியும் இரண்டும்.

"இந்த மென்பொருள்ல காப்பி எடுத்தா ரெண்டும் ஒரே உருவம்தாங்க. ஒன்னைத் தொட்டா அத்தனையும் மாறும். அது ஒரு வசதிக்காக வச்சிருக்காங்க. ஒன்னை மட்டும் மாத்தணும்னா மொதல்ல அதைத் தனியாப் பிரிச்சுடணும். உங்க ஸ்கிரிப்ட் அதைப் பிரிக்கலை, நேரா உருவத்துலேயே கை வைக்குது." குரலில் குத்தலே இல்லை. களைப்பாக, எனக்காக வருத்தப்பட்டுச் சொன்னார். "இதை வச்சு யாராவது நெஜமா வேலை பண்றாங்களா?"

"பண்றாங்க. எங்க அக்கா. ரெண்டு மாசமா."

"அவங்க ஒன்னும் சொல்லலையா?"

"சூப்பரா இருக்குன்னு சொன்னாங்க."

அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "உங்க அக்கா ரொம்ப நல்லவங்க போல" என்றார். அந்த வேலை எனக்கில்லை என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது. மரியாதைக்கு இன்னும் சில கேள்விகள் கேட்டார், மரியாதைக்கு நானும் பதில் சொன்னேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். அக்கா வேலை செய்யும் முறை எனக்குத் தெரியும். ஒரு அலமாரியை வைத்துக்கொண்டு அதையே காப்பி எடுத்து எடுத்து வீடு முழுக்க வைப்பாள். ஒரு அறை முடிந்ததும், கம்ப்யூட்டர் திணறாமல் இருக்க அந்த அறையைத் திரையிலிருந்து மறைத்துவிடுவாள். பிறகு அடுத்த அறை. அப்படியானால் அடுத்த அறையில் என் பட்டனை அழுத்தும்போதெல்லாம், மறைந்திருக்கும் அறைகளில் முடித்து வைத்த அலமாரிகளும் கண்ணுக்குத் தெரியாமல் மாறியிருக்கும். அப்படியே தொழிற்சாலைக்குப் போயிருந்தால் பலகை எல்லாம் தப்பாக அறுபட்டு, அவசரம் வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பார். இரண்டு மாதமாக அவரிடமிருந்து ஒரு குறை வரவில்லை. தப்பு தொழிற்சாலைக்குப் போகவில்லை என்றால் நடுவில் யாரோ அதைத் தடுத்திருக்க வேண்டும். அந்த யாரோ யார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

என்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தேன். அக்கா மேஜையில் இருந்தாள். மவுஸ் இடது பக்கத்தில் இருந்தது. வலது கை ஈரத்துண்டு சுற்றி மடியில் கிடந்தது. திரையில் எல்லா அறைகளும் திறந்திருந்தன. அளக்கும் கருவியை எடுத்து ஒரு ஓரத்தில் வைத்து, மறு ஓரத்துக்கு இழுத்து, எண்ணை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு அடுத்த அலமாரிக்குப் போனாள். பழக்கமில்லாத இடது கை என்பதால் ஓரத்தில் வைப்பதற்குள் இரண்டு முறை வழுக்கியது.

என்னைப் பார்த்ததும் அவள் முதலில் செய்தது, அவசர அவசரமாக அறைகளை மறைத்ததுதான்.

"அதுக்குள்ள வந்துட்டியா? எப்படிப் பண்ணினே?"

"காப்பி எல்லாம் சேர்ந்து மாறுது. உனக்குத் தெரியுமா?"

"எது? எப்பவாவது ஒன்னு ரெண்டு..."

"அக்கா."

துண்டைச் சரிசெய்துகொண்டாள். "தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மொத வாரத்துலேர்ந்து. மறைச்சு வச்ச ரூமைத் திறந்தேன், எல்லாம் ஏறுமாறா இருந்துச்சு. பிரிக்கறது எனக்குக் கைப்பழக்கம் பாப்பா, ரைட் கிளிக் பண்ணிப் பிரிச்சுட்டுத்தான் தொடுவேன். அது ஒரு வேலைன்னே எனக்குத் தோணினதில்லை. அதான் நீ கேட்டப்ப உன்கிட்ட சொல்ல வரலை, பட்டனே பிரிச்சுடும்னு இருந்துட்டேன். என் தப்புதான்."

"சரி, தெரிஞ்சதுக்கப்புறம் நீயே மொதல்ல பிரிச்சுட்டு அப்புறம் பட்டனை அழுத்த வேண்டியதுதானே?"

"பிரிப்பேன். ஆனாலும் ஒரு தடவை அப்படி ஆனதுக்கப்புறம் எதையும் நம்ப முடியலை. எல்லாத்தையும் திறந்து ஒரு தடவை அளந்து பாத்துட்டா நிம்மதி. அளக்கும்போது வேற ஏதாவது கோணலா இருக்கும், அதையும் நிமிர்த்திடுவேன்."

"ஒவ்வொன்னையுமா?"

"ம்."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பட்டனை அழுத்துவது, அதன் பிறகு அத்தனையும் அளப்பது, கோணலைக் கையால் நிமிர்த்துவது. "அப்போ என் ஸ்கிரிப்டே இல்லாம பழையபடி பண்ணியிருந்தா இதைவிட வேலை கம்மியாத்தானே இருந்திருக்கும்?"

அக்கா மவுஸைத் தள்ளி வைத்தாள்.

"ஆமாவா இல்லையா?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு அந்தக் கருமத்தை வச்சிருந்தே? தூக்கிப் போட வேண்டியதுதானே!"

"தினமும் வந்து எப்படி இருக்குன்னு கேட்டியே."

"கேட்டா? தப்புன்னு சொல்ல வாய் இல்லையா?"

"நீ வந்ததுலேர்ந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதுக்கிட்டு இருந்தே. உனக்கு யாருக்கும் கேக்காதுன்னு நெனப்பு. அந்தப் பட்டன் வந்த அன்னைக்குத்தான் அந்தக் குழாய்ச் சத்தம் நின்னுச்சு. அதைப் போய் நான் எப்படிக் கெடுப்பேன்?"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கூனிக்குறுகிப் போக வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வரும், பிறவிக் குணம். "என் மனசு நோகக் கூடாதுன்னு உன் கையை நோகடிச்சுக்குவியா? உனக்கு அறிவிருக்கா? விரல் போயிடும்னு டாக்டர் சொன்னது உன் காதுல விழுந்துச்சா இல்லையா?"

"மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டும்!"

அத்தான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சொல்லிட்டியா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"நீங்களும் கூட்டா?" என்றேன்.

"நான் சொல்லுன்னுதான் சொன்னேன். ரெண்டு மூணு தடவை நானே சொல்ல வந்தேன், உங்க அக்கா ஒரே பார்வைல என்னை உட்கார வச்சுட்டா. இந்த வீட்டுல எனக்கு இருக்கிற செல்வாக்கு உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் வெந்நீர் வைத்தார். அக்கா கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், அத்தான் பக்கத்தில் துண்டோடு நின்றார். தினமும் இது நடந்திருக்கிறது. என் அறையின் கதவை மூடிக்கொண்டு, புது வசதி சேர்க்கிறேன் பேர்வழி என்று நான் உள்ளே இருந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே ஸ்கிரிப்டைத் திறந்து சரிசெய்தேன். மாற்றுவதற்கு முன்னால் தனியாகப் பிரி. ஒரே ஒரு வரி. எழுதி, ஓட்டிப் பார்த்து, காப்பிகள் அசையாமல் நிற்பதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. முதல் வாரத்திலேயே, பாப்பா இது தப்பு என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த ஒரு வரியை அன்றைக்கே எழுதியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்ல முடியாதபடி நான் இருந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் டாக்டர் கையில் ஊசி குத்தி, சின்னதாக மின்சாரம் விட்டுச் சோதித்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து, "இது ஓய்வு குடுத்த கையா?" என்றார். அக்கா சுவரில் மாட்டியிருந்த முதுகெலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் சொன்னப்பவே குறைச்சிருந்தா கத்தி வைக்கத் தேவை இருந்திருக்காது. இப்போ ஆபரேஷன் பண்ணியாகணும். வலி போயிடும். கட்டை விரல்லயும் சுட்டு விரல்லயும் மரத்தது திரும்புமான்னு உறுதியாச் சொல்ல முடியாது."

அத்தான் ஏதோ தேதி கேட்டார், டாக்டர் ஏதோ சொன்னார். அக்கா திரும்பி என்னைத்தான் பார்த்தாள். நான் அழுகிறேனா என்று பார்த்தாள். கத்தி அவள் கையில் படப்போகிறது, அவள் கவலைப்பட்டது என்னைப் பற்றி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலது கையில் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை கட்டு. அவசரம் போன் செய்து உடம்பைப் பற்றி விசாரித்தார். அதே மூச்சில் ஒரு வேலையையும் அனுப்பினார், கொஞ்சம் அவசரமாம். நான் செய்கிறேன் என்றேன். அக்காவின் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அக்கா பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, தலையணை ஒன்றை மடியில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். விரல்கள் மட்டும் கட்டுக்கு வெளியே தெரிந்தன. கட்டை விரலை இன்னொரு கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுதா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லை. பாப்போம்."

நான் திரும்பிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். ஒரு அலமாரியை விரித்தேன். அடுத்தது. அதற்கு அடுத்தது. "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

"நல்லா இருக்கு பாப்பா."

"அக்கா!"

"நெஜமாத்தான். ரொம்ப நல்லா இருக்கு, ஆனா..." நிறுத்திக்கொண்டாள்.

"ஆனா?"

"ஒன்னுமில்லை."

"நல்லா இருக்குங்கறதை விட்டுடு. ஆனாலேர்ந்து ஆரம்பி."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு மெதுவாக, யாரோ மூன்றாவது மனிதரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். மூலையில் திருப்பி வைத்த அலமாரிக்கு அகலம் கேட்டால் ஆழம் கூடுகிறது. குட்டிக் கதவுகளில் கைப்பிடி கீழே இறங்கித் தொங்குகிறது. எண் கேட்கும் கட்டம் சரியாக அலமாரிக்கு மேலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது, எதை மாற்றுகிறோம் என்பதே தெரிவதில்லை. எண்ணைத் தட்டி என்டர் போட்டால் போதாதா, அதற்குப் பிறகும் மவுஸை எடுத்துப் போய் "சரி"யை அழுத்த வேண்டுமா? கைவலிக்காரிக்கு எழுதிய ஸ்கிரிப்டில் இதைக்கூட யோசிக்க மாட்டாயா? நான் தட்டித் தட்டிக் குறித்துக்கொண்டே வந்தேன். அவள் குரல் ஏறியது.

"சிவப்புக் கலர் கண்ணைக் குத்துது. அந்தப் படம் சவப்பெட்டி மாதிரியேதான் இருக்கு, உங்க அத்தான் சொன்னது சரி, அவர்கிட்ட போய்ச் சொல்லிடாதே. தயாரா இருக்கிற அளவுன்னு ஒரு பட்டியல் வச்சிருக்கியே, அதுல பாதி யாரும் எந்த வீட்டுலயும் கேக்காத அளவு."

"சரி. அப்புறம்?"

"அப்புறம் நீ. எப்படி இருக்குன்னு கேக்கறதுக்கு முன்னாடியே மூஞ்சியை ஒரு மாதிரி தயாரா வச்சுக்கறே. அதைப் பாத்தா எவளுக்கு வாய் வரும்?"

என் கை விசைப்பலகையில் நின்றுவிட்டது. "இது ஸ்கிரிப்ட்ல வராதேக்கா."

"நீதானே ஆனாலேர்ந்து ஆரம்பின்னே. இனிமே நான் நிறுத்த மாட்டேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. எத்தனை நாள் அடக்கி வைத்ததோ. "இந்த வீட்டுல நீ விருந்தாளி மாதிரி இருக்கே. சாப்பிட்ட கை காயறதுக்குள்ள தட்டைக் கழுவிக் கவுத்துடறே. ஃபேன் போடக்கூட என்னைக் கேக்கறே. எனக்கு இது வேணும்னு ஒரு நாள் கேட்டதில்லை. சின்ன வயசுல என் ரிப்பனைப் புடுங்கிக்கிட்டு ஓடினவதானே நீ? இப்போ நான் உனக்கு யாரோவா? நான் தப்பைச் சொல்லலை, சரி. நீ மட்டும் என்கிட்ட என்னத்தைச் சொன்னே? குழாய்கிட்டதானே சொன்னே?"

எனக்குக் கண்ணீர் மறைத்தது. திரையில் அலமாரிகள் கலங்கின.

"அழுதேன்னா நிறுத்திடுவேன்" என்றாள் அக்கா. அவள் குரலும் உடைந்திருந்தது, ஆனால் விடுவதாக இல்லை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, விசைப்பலகையில் கையை வைத்தேன்.

"அழலை" என்றேன். "மேலே சொல்லு."